கவர்னரிடம் சொல்லாததை ஏட்டில் எழுதினார்

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. கடைகளும் ஜன நடமாட்டமும் நிறைந்த வீதி. தினமும் எத்தனையோ பேர் அதில் போகிறார்கள், வருகிறார்கள்.

யார் இந்த ரங்கப்பிள்ளை?

அவர் ராஜா அல்ல. போர்வீரர் அல்ல. புலவரும் அல்ல. அவர் ஒரு வியாபாரி. பிரெஞ்சுத் துரைகளிடம் துபாசியாக வேலை பார்த்தவர்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைப்பார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 1736-ம் ஆண்டு முதல் 1761-ம் ஆண்டு வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார்.

கவர்னரைப் பற்றித் தன் மனதில் பட்டதை எழுதினார். கவர்னரின் மனைவியைப் பற்றி எழுதினார். லஞ்சம், சண்டை, கப்பல், கல்யாணம், சாவு, மழை, புயல் எல்லாம் எழுதினார்.

அவற்றில் பலவற்றை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும். உயிரே கூடப் போயிருக்கலாம்.

அது வீண் பயம் அல்ல. அவருடைய குடும்பத்தில் அப்படி ஒருவர் ஏற்கனவே உயிரை விட்டிருந்தார்.

சிறையில் செத்த மாமா

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. அவர் பெரிய வியாபாரி.

திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை. இவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாசியாக இருந்தார். மைத்துனர் அழைத்ததால், திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபோனார்.

துபாசி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். ஆனால் தலைமைத் துபாசியின் வேலை மொழிபெயர்ப்போடு நிற்பதில்லை. வியாபாரிகளைக் கூட்டிப் பேசுவார். துணிக்கு விலை முடிப்பார். நவாபுகளிடமிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வார். ஊர் ஜனங்களின் வழக்குகளைத் தீர்ப்பார். கவர்னருக்கும் ஜனங்களுக்கும் நடுவே பாலமாக இருப்பவர் அவரே.

பாலத்தின் மேல் இரண்டு பக்கத்துக்காரர்களும் நடப்பார்கள். இரண்டு பக்கமும் மிதிபடுவது பாலம்தான்.

நைனியப்ப பிள்ளைக்கு அதுதான் நேர்ந்தது. அப்போது கவர்னராக இருந்தவர் எபேர். 1716-ம் ஆண்டில் நைனியப்ப பிள்ளை மீது வழக்குப் போட்டார்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார், கலகத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டினார்கள். 50 சவுக்கடி, சிறைவாசம், அபராதம் என்று தீர்ப்பு ஆயிற்று. 1717-ம் ஆண்டில் அவர் சிறையிலேயே இறந்து போனார்.

அதே வழக்கில் திருவேங்கடம் பிள்ளையும் சிக்கித் தண்டனை அடைந்தார்.

நைனியப்ப பிள்ளையின் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறிப் பிரான்ஸ் தேசத்துக்கே போய் நியாயம் கேட்டார். நியாயம் கிடைத்தது. குற்றம் இல்லை என்று ஆயிற்று. குருவப்ப பிள்ளை அங்கே கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார். பிரபு பட்டமும் பெற்றார். புதுச்சேரிக்குத் திரும்பித் தலைமைத் துபாசியானார். 1724-ம் ஆண்டில் காலமானார்.

நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் செத்தவர் திரும்பி வரவில்லை.

மாமா இறந்தபோது ரங்கப்பிள்ளைக்கு வயது எட்டு. கவர்னரின் கோபம் என்ன செய்யும் என்பதை அந்தச் சிறுவயதிலேயே அவருடைய வீடு கண்டுவிட்டது.

கடலைப் பார்த்திருந்த ஊர்

திருவேங்கடம் பிள்ளை 1726-ம் ஆண்டில் காலமானார். அப்போது கவர்னராக இருந்த லெனுவார், இளைஞர் ரங்கப்பிள்ளையின் திறமையைக் கண்டார். பரங்கிப்பேட்டையில் இருந்த துணிக் கிடங்கின் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். ரங்கப்பிள்ளை அங்கே கணக்கும் வியாபாரமும் நன்றாகப் பழகினார். பல பாஷைகளையும் கற்றுக்கொண்டார்.

புதுச்சேரியில் அவருக்குப் பாக்குக் கிடங்கு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கிடங்கே ஒரு கச்சேரி மாதிரி ஆகிவிட்டது. வியாபாரிகள், குமாஸ்தாக்கள், தூதர்கள், வழக்காடுவோர் என்று பலரும் அங்கே வருவார்கள். ஊரில் நடக்கும் எந்தச் செய்தியும் அவர் காதுக்கு வராமல் போகாது. ஆனந்தப் புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் கம்பெனி வியாபாரம் எப்படி நடந்தது தெரியுமா?

பிரான்சிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். கம்பெனி அந்தப் பணத்தை வியாபாரிகளிடம் முன்பணமாகக் கொடுக்கும். வியாபாரிகள் நெசவாளர்களுக்குக் கொடுப்பார்கள். நெசவாளர்கள் துணி நெய்து தருவார்கள். மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வெளுத்து, மூட்டை கட்டுவார்கள். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. அது கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளைப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டு போய்ச் சேர்ப்பார்கள்.

கப்பல் வராவிட்டால் வெள்ளி இல்லை. வெள்ளி இல்லாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ரங்கப்பிள்ளை தம்முடைய தினப்படிச் சேதிக் குறிப்பைத் தொடங்கினார். காதால் கேட்டதையும், கண்ணால் கண்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப் போவதாக முதலிலேயே குறித்தார். சொன்னபடியே எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி முழங்கினார்கள் என்பதைக் கூட விடவில்லை.

தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதினார். நடை பேச்சு நடை. பிரெஞ்சுச் சொற்களும், போர்த்துகேசியச் சொற்களும், உருதுச் சொற்களும் நடுநடுவே வரும். புதுச்சேரி பஜாரில் ஜனங்கள் எப்படிப் பேசினார்களோ, அப்படியே எழுதினார்.

பதவிக்குப் போட்டி

அந்த நாளில் தலைமைத் துபாசியாக இருந்தவர் கனகராய முதலியார். அவர் கிறிஸ்தவர், பெரும் பணக்காரர். ரங்கப்பிள்ளைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

கனகராய முதலியாரின் மகன் இளவயதிலேயே இறந்து போனான். மகனுடைய நினைவாக அவர் 1745-ம் ஆண்டில் உழவர்கரையில் ஒரு மாதா கோவில் கட்டினார். எல்லாச் சாதியாரையும் அழைத்துப் பெரிய விருந்து வைத்தார். கவர்னரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

ரங்கப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து, தம் கருத்தை எழுதினார். மாதா கோவிலுக்காக நடத்திய விருந்தை இந்துக்களின் முறையில் நடத்தியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மதத்தில் இருப்பவர் அந்த மதத்தின் முறைப்படியே நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பழைய கட்டுப்பாட்டில் ஊறிய மனிதர் அவர்.

1746-ம் ஆண்டு பிப்ரவரியில் கனகராய முதலியார் காலமானார். பதவி காலியாயிற்று. உடனே போட்டி ஆரம்பமாகிவிட்டது. யார் யார் கவர்னரிடம் போனார்கள், யார் யார் கவர்னர் மனைவியின் காலைப் பிடித்தார்கள், யார் எவ்வளவு பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதையெல்லாம் ரங்கப்பிள்ளை எழுதினார்.

தாம் வாங்கிய அன்பளிப்பையும், தாம் கொடுத்த அன்பளிப்பையும் கூட அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் பணம் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்கவில்லை என்பது அந்தப் பக்கங்களைப் படித்தால் விளங்கும்.

கடைசியில் பதவி ரங்கப்பிள்ளைக்கே வந்தது. அந்த நாளில் தமிழர் ஒருவர் புதுச்சேரியில் அடையக்கூடிய உயர்ந்த பதவி அதுதான்.

டூப்ளே துரையும் துரைசாணியும்

அப்போது கவர்னராக இருந்தவர் டூப்ளே. 1742-ம் ஆண்டில் பதவிக்கு வந்தவர். மகா கெட்டிக்காரர். இந்தியாவில் பிரெஞ்சு ராஜ்ஜியத்தை நிறுவ வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

அவர் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் தெரிந்தவர். விதவையாக இருந்த அவரை டூப்ளே 1741-ம் ஆண்டில் மணந்தார். பெரும்பாலான வெள்ளைக்காரத் துரைசாணிகளுக்கு ஊர்ச் செய்தி தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். தமக்கென்று ஒற்றர்களை வைத்திருந்தார். சேவகர்களை வைத்திருந்தார். துரையின் காதில் எப்போது எதைப் போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

துரைசாணிக்கு ரங்கப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. துபாசி வேலையை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார். ரங்கப்பிள்ளைக்கும் துரைசாணியைப் பிடிக்கவில்லை.

ஆனால் நேரில் பார்த்தால் வணக்கம், மரியாதை, பணிவான பேச்சு. ஏட்டில் எழுதும்போதுதான் உள்ளத்தில் இருந்தது வெளியே வரும். துரைசாணியின் சேவகர்கள் ஜனங்களைத் துன்புறுத்துகிறார்கள், பணம் பறிக்கிறார்கள், துரை இதைக் கண்டும் காணாதவர் போல் இருக்கிறார் என்று பக்கம் பக்கமாக எழுதினார்.

துரைசாணியைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது பகைவரைப் பற்றிய எழுத்து. தம் பதவிக்கு வேட்டு வைத்தவரை யாரும் நல்லவிதமாக எழுத மாட்டார்கள். ஆனால் அரண்மனைக்குள் எப்படிக் காரியம் நடந்தது என்பதை அந்தப் பக்கங்களைப் போல வேறு எதுவும் காட்டுவதில்லை.

டூப்ளேயிடம் அவர் பேசிய விதத்தையும் மறைக்கவில்லை. ஜனங்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்ற விதமாகத் துரை கேட்பார். தங்கள் புகழ் டில்லி வரையில் பரவியிருக்கிறது என்ற ரீதியில் ரங்கப்பிள்ளை வானளாவப் புகழ்வார். தாம் புகழ்ந்ததையும் எழுதி வைப்பார். மற்றொரு நாள் அதே துரையின் குறைகளையும் எழுதி வைப்பார். வாய் பேசியதும் ஏட்டில் இருக்கிறது. மனம் பேசியதும் ஏட்டில் இருக்கிறது.

வெள்ளைக்காரருக்குள் சண்டை

1744-ம் ஆண்டில் ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் யுத்தம் மூண்டது. புதுச்சேரிக்குக் கப்பல் வருவது நின்றது. ஊரில் பணமுடை ஏற்பட்டது.

1746-ம் ஆண்டில் லா பூர்தொன்னே என்ற தளபதி கப்பல் படையோடு வந்தார். செப்டம்பர் 21-ந் தேதி சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார். புதுச்சேரியில் ஒரே கொண்டாட்டம்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு சென்னையை இங்கிலீஷ்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் லா பூர்தொன்னே. கூடாது என்றார் டூப்ளே. இருவருக்கும் பெரிய சண்டை. மரியாதை யாருக்கு முதலில், அதிகாரம் யாருக்கு அதிகம் என்பதிலிருந்தே அந்தப் பகை தொடங்கியிருந்தது. அக்டோபரில் அடித்த புயலில் லா பூர்தொன்னேயின் கப்பல்கள் சேதமாயின. அவர் புறப்பட்டுப் போய்விட்டார். சென்னை டூப்ளேயின் கைக்கு வந்தது.

ரங்கப்பிள்ளை இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். ஐரோப்பியர் எப்போதும் ஒற்றுமையாக இருப்பவர்கள், ஒரே மனதாகக் காரியம் செய்பவர்கள் என்று அவர் நினைத்திருந்தார். இவர்களும் நம் தேசத்தாரைப் போலத் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்களே என்று எழுதினார்.

இது சாதாரணக் கருத்து அல்ல. வெள்ளைக்காரரை வெல்ல முடியாதவர்கள் என்று நாடே அஞ்சத் தொடங்கிய நேரம் அது. அவர்களும் பொறாமையும் ஆசையும் உள்ள மனிதர்களே என்பதைப் பக்கத்தில் இருந்த ரங்கப்பிள்ளை கண்டுகொண்டார். பிரெஞ்சு ராஜ்ஜியம் பிற்காலத்தில் எதனால் விழுந்ததோ, அந்தக் காரணத்தை அப்போதே குறித்து வைத்தார்.

கோவில் இடிந்த நாள்

1748-ம் ஆண்டில் இங்கிலீஷ்காரர் பழிவாங்க வந்தார்கள். பாஸ்கவன் என்ற கப்பல் படைத் தலைவர் புதுச்சேரியை முற்றுகையிட்டார். குண்டு வந்து விழுந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் வேதபுரி ஈசுவரன் கோவில் இடிக்கப்பட்டது.

அந்தக் கோவில் பாதிரிமாரின் மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று பாதிரிமார் வெகு காலமாகக் கேட்டு வந்தார்கள். முந்தைய கவர்னர்கள் இணங்கவில்லை. கோவிலைத் தொட்டால் நெசவாளரும் வியாபாரிகளும் ஊரை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். 1748-ம் ஆண்டு செப்டம்பரில் டூப்ளே அதற்கு உத்தரவு கொடுத்துவிட்டார்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் ரங்கப்பிள்ளையிடம் ஓடி வந்தார்கள். அவர் என்ன செய்வார்? வெளியே எதிரியின் பீரங்கி. உள்ளே கவர்னரின் உத்தரவு. விக்கிரகங்களையாவது வேறு கோவிலுக்குக் கொண்டு போய்ப் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

அன்றைய குறிப்பு நீளமானது. மனம் நொந்து எழுதியது. துரைசாணியும் பாதிரிமாரும் நினைத்ததைச் சாதித்துவிட்டார்கள் என்று எழுதினார். துரை மனைவியின் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் ஒற்றுமையாக இல்லை என்பதையும் எழுதினார்.

ஊருக்கெல்லாம் பெரியவராக இருந்தவர், ஊர்க் கோவிலைக் காக்க முடியவில்லை. பல்லக்கும் பட்டமும் அந்த நாளில் உதவவில்லை. அவர் துரையை எதிர்த்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோவில் தப்பியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நைனியப்ப பிள்ளைக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்திருக்கலாம். அவர் நிற்கவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாமல் விடவும் இல்லை.

அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டுப் போனார். பின்னாளில் வேதபுரீஸ்வரர் கோவில் வேறு இடத்தில் கட்டப்பட்டது.

உச்சியிலிருந்து சரிவு

1749-ம் ஆண்டு ரங்கப்பிள்ளைக்கு நல்ல ஆண்டு. ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் மடிந்தார். பிரெஞ்சுக்காரர் ஆதரித்த முசபர் ஜங்கும் சந்தா சாகிபும் ஜெயித்தார்கள். முசபர் ஜங் ரங்கப்பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பட்டம் கொடுத்தார். செங்கற்பட்டுக் கோட்டைக்குத் தலைவர் என்ற பதவியும் கொடுத்தார்.

கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகலாம். தங்கப் பூண் போட்ட கைத்தடி பிடிக்கலாம். காலில் செருப்போடு கச்சேரிக்குள் நுழையலாம். அந்த நாளில் இவையெல்லாம் சாமானியர் கனவிலும் நினைக்க முடியாத மரியாதைகள். புலவர்கள் அவர் மேல் தமிழிலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் நூல்கள் பாடினார்கள்.

இந்தப் பெருமைகளையும் அவர் ஏட்டில் எழுதிக்கொண்டார். தம்மைப் பற்றிப் பெருமை பேசுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. ஜாதகத்திலும் சகுனத்திலும் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். நல்லது நடந்தால் கிரகம் நன்றாக இருக்கிறது என்பார். கெட்டது நடந்தால் விதி என்பார். ஏழை எளியவரை மேலிருந்து பார்க்கும் பார்வையும், சாதி உயர்வு தாழ்வு பார்க்கும் குணமும் அவரிடம் இருந்தன. அவற்றையும் அவர் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

டூப்ளேயின் யுத்தங்கள் முடிவதாக இல்லை. நவாபுகளுக்காகச் சண்டை, நவாபுகளோடு சண்டை. கம்பெனிப் பணம் கரைந்தது. துணி வியாபாரம் படுத்தது. துரையிடம் ரங்கப்பிள்ளைக்கு இருந்த செல்வாக்கும் குறைந்தது. துரையின் ஆசையால் ஊர் கெடுகிறது என்று ஏட்டில் எழுதினார்.

பிரான்சில் இருந்த கம்பெனிக்காரர்களுக்கும் பொறுக்கவில்லை. 1754-ம் ஆண்டில் கொதே என்பவரை அனுப்பினார்கள். அவர் டூப்ளேயைப் பதவியிலிருந்து இறக்கினார். அந்த அக்டோபரில் டூப்ளே மனைவியோடு கப்பல் ஏறினார். துரைசாணி 1756-ம் ஆண்டில் பாரிசில் இறந்தார். யுத்தத்துக்காகத் தாம் போட்ட பணத்தைக் கம்பெனியிடம் கேட்டுக் கேட்டு, அது கிடைக்காமலே டூப்ளே 1763-ம் ஆண்டில் வறுமையில் மாண்டார்.

டூப்ளே இல்லாத புதுச்சேரியில் ரங்கப்பிள்ளையின் காலமும் மாறியது. உடல்நலம் கெட்டது. 1756-ம் ஆண்டில் கவர்னர் லெறி அவரைத் தலைமைத் துபாசி பதவியிலிருந்து நீக்கினார். பல்லக்குக்குப் பின்னால் ஓடி வந்த கூட்டம் வேறு பல்லக்கின் பின்னால் ஓடியது.

பதவி போயிற்று. எழுதும் பழக்கம் போகவில்லை.

கடைசி நாட்கள்

1758-ம் ஆண்டில் லாலி என்ற தளபதி வந்தார். அவர் வீரர், ஆனால் முன்கோபக்காரர். இந்த நாட்டு வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஜனங்களைச் சாதி மத வித்தியாசம் பார்க்காமல் பிடித்து, சுமை தூக்கவும் பீரங்கி இழுக்கவும் வைத்தார். சென்னையை முற்றுகையிட்டார், பிடிக்க முடியவில்லை. 1760-ம் ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். பிறகு இங்கிலீஷ் தளபதி கூட் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்.

ஊருக்குள் பஞ்சம் வந்தது. தானியத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று, நவம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார் லாலி. இங்கிலீஷ்காரர் முதலில் அவர்களுக்கு வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் நாள் கணக்கில் பட்டினி கிடந்தார்கள். பிறகுதான் வழிவிட்டார்கள்.

1761-ம் ஆண்டு பிறந்த வேளையில் பெரும் புயல் அடித்தது. இங்கிலீஷ் கப்பல்கள் சில மூழ்கின. புதுச்சேரி தப்பிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். தப்பவில்லை. ஜனவரி 16-ந் தேதி நகரம் இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தது.

நகரம் விழுந்த அதே ஜனவரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்ணை மூடினார். அவருக்கு வயது 51. அவர் வளர்ந்ததையும் உயர்ந்ததையும் பார்த்த ஊர், அவரோடு சேர்ந்தே வீழ்ந்தது.

இங்கிலீஷ்காரர் கோட்டையை இடித்தார்கள். மாளிகைகளை இடித்தார்கள். லாலியைப் பிரான்சுக்காரரே குற்றவாளியாக்கி, 1766-ம் ஆண்டில் பாரிசில் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

ஏடு பிழைத்தது

ரங்கப்பிள்ளைக்குப் பிறகு, அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை குறிப்பு எழுதுவதைத் தொடர்ந்தார். பிறகு புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன.

1846-ம் ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி எடுத்தார். செய்தி வெளியுலகத்துக்குத் தெரிந்தது. சென்னை அரசாங்கம் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, 1904-ம் ஆண்டு முதல் 1928-ம் ஆண்டு வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதியது முதலில் இங்கிலீஷில்தான் முழு அளவில் அச்சேறியது. 1948-ம் ஆண்டு முதல் தமிழ்த் தொகுதிகள் புதுச்சேரியில் வெளிவந்தன.

லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்று ஒருவர் இருந்தார். கப்பல் படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1660-ம் ஆண்டு முதல் 1669-ம் ஆண்டு வரை மனம்விட்டு நாட்குறிப்பு எழுதினார். ரங்கப்பிள்ளையை இந்தியாவின் பெப்பீஸ் என்று அறிஞர்கள் அழைத்தார்கள். பெப்பீஸ் எழுதியது சுமார் ஒன்பது ஆண்டுகள். ரங்கப்பிள்ளை எழுதியது 25 ஆண்டுகள்.

அந்தக் காலத்துச் சரித்திரம் பெரும்பாலும் கம்பெனிக் கடிதங்களில் இருக்கிறது. அவை துரைகள் தங்கள் முதலாளிகளுக்கு எழுதியவை. தங்கள் தவறை மறைத்து, பிறர் மீது பழி போட்டு எழுதியவை. அந்தத் துரைகளைப் பக்கத்தில் நின்று பார்த்த தமிழர் ஒருவர் என்ன நினைத்தார் என்பதை அவற்றில் தேடிப் பயனில்லை. அது ரங்கப்பிள்ளையின் ஏட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் எழுத்தாளர் பிரபஞ்சன் அதை ஆதாரமாக வைத்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்ற நாவல்களை எழுதினார்.

ரங்கப்பிள்ளை மகா வீரர் அல்ல. கவர்னரை நேருக்கு நேர் எதிர்த்தவர் அல்ல. குடும்பம், பதவி, சொத்து எல்லாவற்றுக்கும் பயந்து, குனிந்து நடந்த மனிதர். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் இப்படித்தான் மேலதிகாரியின் முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருந்தது அவர்களோடு போய்விடுகிறது.

ரங்கப்பிள்ளை எழுதி வைத்தார். அதனால்தான் டூப்ளேயின் மாளிகை போனபின்பும், அந்த மாளிகைக்குள் என்ன நடந்தது என்பது இன்றும் உலகத்துக்குத் தெரிகிறது.